தொண்ணூறு விநாடி

"தலைமாட்டை இன்னும் ஒரு சாண் தூக்குங்கடா. இப்படி வெச்சா அவனுக்குக் கூரை மட்டும்தான் தெரியும்" என்றாள் டூயி அத்தை.

பெட்டியைப் பிடித்திருந்த நாலு பேரும் குளிரிலும் வியர்த்துப்போயிருந்தார்கள். இரண்டு நாளாகக் குலக்கூடத்தின் உள்ளே இருந்த பெட்டியை அப்போதுதான் முன்தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மூடி திறந்திருந்தது. உள்ளே ஹாமுவேரா தன் ஒரே நீலக் கோட்டில், கன்னம் மழித்து, யாருக்கோ வேலைக்கு மனுப் போடப் புறப்பட்டவர் மாதிரிப் படுத்திருந்தார்.

"காலைக் கடல் பக்கம் திருப்பலாமா? வாசலைப் பாத்து இருக்கணும்க்கா. அதுதான் முறை" என்றார் ஹோவானி சித்தப்பா. செத்தவருக்குத் தம்பி. வருகிறவர்களுக்கு வரவேற்புரை சொல்வது அவர் பொறுப்பு. அதனால் முறை பிசகுவது அவருக்குப் பல்வலி மாதிரி.

"முறையை எனக்கே சொல்லித் தர்றியா? அந்த முனையிலேருந்து இதுவரைக்கும் நாப்பத்தொரு ராக்கெட் போயிருக்கு. ஒண்ணைக்கூட அவன் பாக்காம விட்டதில்ல. இதுக்கு மட்டும் முதுகைக் காட்டிட்டுப் படுத்திருப்பானா?"

அரிஹியா உள்ளே போய் மடித்த மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து தலைப்பக்கம் செருகினாள். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"பன்னிரண்டு டிகிரி போதும் அத்தை. அதுக்கு மேல போனா அப்பா சறுக்கிடுவாரு."

"கேட்டியா ஹோவானி? இஞ்சினியரே சொல்லியாச்சு."

பெட்டி தூக்கியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அவர்கள் வழக்கத்தில் செத்தவர் பக்கத்தில் சிரிப்பது தப்பில்லை. அவரைத் திட்டுவதும் தப்பில்லை. அழாமல் போவதுதான் தப்பு.

விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், எட்டு கிலோமீட்டர் தள்ளி, முனையின் நுனியில் ராக்கெட் நின்றது. இங்கிருந்து ஒரு வெள்ளைத் தீக்குச்சி அளவு. அதன் இடுப்பிலிருந்து புகை மாதிரி ஒன்று கசிந்து சாய்ந்துகொண்டிருந்தது. அது ஆக்சிஜன் ஆவி என்பதும், நிரப்பத் தொடங்கி இருபது நிமிடமாவது ஆகியிருக்கும் என்பதும் அரிஹியாவுக்குத் தெரியும். அதைப் பார்க்கக் கூடாது என்று அப்பாவின் இடது கைப்பக்கம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பார்த்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அந்த முனையில் ஆடுகள் மட்டும்தான் மேய்ந்தன. ராக்கெட் கம்பெனிக்காரர்கள் வந்து பாதை கேட்டபோது, களிமண் குன்றைச் சீவிப் பதினொரு கிலோமீட்டர் பாதை போட்டவர் ஹாமுவேரா. மண் சமன்படுத்தும் வண்டியை அவரைப்போல் ஓட்ட அந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. அரிஹியாவுக்கு அப்போது பதினெட்டு. ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், வளைவெல்லாம் ஏன் இவ்வளவு அகலம் என்று அளவெடுக்க வந்தவரிடம் கேட்டாள். பதினெட்டு மீட்டர் நீளச் சாமான் ஒன்று ஒடியாமல் திரும்ப வேண்டும் என்றார் அவர். என்ன சாமான், ஏன் ஒடியும், ஒடியாமல் எப்படிச் செய்வார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே போனதில் அப்பாவின் சாப்பாடு ஆறிப்போனது. நர்ஸ் படிப்புக்குப் பூர்த்தி செய்து வைத்திருந்த விண்ணப்பத்தை அந்த வாரமே கிழித்துப் போட்டாள்.

கிறைஸ்ட்சர்ச்சில் நாலு வருடம் பொறியியல் படிப்பு. வகுப்பில் தொண்ணூறு பேர், பெண்கள் பதினொன்று. பிறகு எஞ்சின் சோதனைக் கொட்டகையில் இரண்டு வருடம், காதுக்குள்ளெல்லாம் கரி. பிறகு இந்த முனைக்கே, ஆக்சிஜன் நிரப்பும் குழுவுக்கு வந்தாள். மைனஸ் நூற்றெண்பத்து மூன்று டிகிரி குளிரில் திரவமாக நிற்கும் ஒன்றைக் குழாயில் ஏற்றி, கொதித்துப் போய்விடாமல் ராக்கெட்டுக்குள் வைத்திருக்கும் வேலை. ஹாமுவேரா மதுக்கடையில் அதைச் சுருக்கமாகச் சொல்வார்: "பொண்ணு அங்க ஃபிரிட்ஜைப் பாத்துக்கிறா." மூன்று வாரத்துக்கு முன் அவளையே அந்தக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். கட்டுப்பாட்டு அறையில் அவள் பெயர் ஒட்டிய நாற்காலி. அன்றைக்கு மதுக்கடையில் ஃபிரிட்ஜ் என்ற சொல்லை யாரும் எடுக்க அவர் விடவில்லையாம்.

அவள் தலைமையில் முதல் ராக்கெட் செவ்வாய்க்கிழமை போயிருக்க வேண்டும். பதினொரு நிமிடம் இருக்கும்போது, வடிகால் வால்வுக்குக் கீழே இருந்த குழாய் சில்லிட ஆரம்பித்தது. அந்த வால்வு மூடியிருக்கும்வரை குழாய் வெறும் குழாய், காற்றின் சூட்டில்தான் இருக்கும். அது மைனஸ் நூற்றுப்பத்துக்கு விழுந்தது. வால்வு ஒழுகுகிறது. "நிறுத்துங்க" என்றாள். அறை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. நிறுத்தினார்கள்.

குன்றின் மேல் மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்த ஹாமுவேரா போன் செய்தார்.

"என்னடி, உன் ஃபிரிட்ஜ் ஒழுகுதாமே? நான் இங்க குளிர்ல வெறைச்சுப்போய் உக்காந்திருக்கேன்."

"வால்வை மாத்தணும்ப்பா. வியாழக்கிழமை போயிடும்."

"அன்னைக்கும் ஏமாத்தினா பாத்துக்க. வீட்ல படுத்துக்கிட்டு ரேடியோவுல கேட்டுக்குவேன்."

நாற்பது நிமிடம் கழித்து வீட்டு வாசலில், வண்டியிலிருந்து நாற்காலியை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

அன்று சாயங்காலமே டூயி அத்தை சொன்னாள்: "நீ எங்க இருக்கணும்ங்கறதை நீதான் முடிவு பண்ணணும். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்." சொல்லிவிட்டு, படுக்கப் போகும்வரை அதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள். அரிஹியா கட்டுப்பாட்டு அறை நாற்காலியைத் தன் கூட்டாளி பிப்பிடம் கொடுத்துவிட்டு அப்பாவிடம் வந்துவிட்டாள்.

வந்தது உடம்பு மட்டும்தான் என்று வியாழக்கிழமை காலையில் தெரிந்தது. எட்டு மணிக்கு எழுந்தபோதே அவளுக்குள் எண்ணிக்கை ஓடத் தொடங்கிவிட்டது. இப்போது கெரசின் ஏற்றி முடித்திருப்பார்கள். இப்போது ஆட்களை வெளியே அனுப்பியிருப்பார்கள். இப்போது குழாயைக் குளிர வைப்பார்கள். ஒரு மணிக்கு அப்பாவை அடக்கம் செய்யப்போகிறார்கள். ஆனால் அவள் நெஞ்சு, கல்யாணத்துக்குப் புறப்பட்ட வீட்டைப்போல் பரபரத்துக்கொண்டிருந்தது. அதை எங்கே ஒளிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உன் முழங்கால் பெட்டியை ஆட்டுது" என்றாள் அம்மா.

அம்மா லோயிஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுற்றித் துக்கத்துக்கு அணியும் பச்சை இலை வளையம். இரண்டு நாளில் அவள் பேசியது பத்து வார்த்தை இருக்கும்.

அரிஹியா காலை நிறுத்தினாள்.

"போறதுன்னா போ."

"போகலைம்மா. இங்கதான் இருக்கேன்."

"இங்க எங்க இருக்கே நீ" என்றாள் அம்மா. கோபமாக இல்லை. குளிருகிறதா என்று கேட்பவளைப் போலச் சொன்னாள்.

பின்கட்டுச் சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பன்றி இறைச்சியும் கீரையும் கொதிக்கும் அண்டாக்களுக்கு நடுவில் யாரோ அதைச் சத்தமாக வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. பத்தரைக்குப் போகிறதாம். எல்லாம் சரியாம். பிறகு ஒரு குரல்: "நிப்பாட்டிட்டாங்களாம்."

"ஏனாம்?" அரிஹியா எழுந்தே விட்டாள்.

"தெரியல. பன்னிரண்டு நிமிஷம் பாக்கி இருக்கறப்ப கடியாரத்தை நிப்பாட்டி வெச்சிருக்காங்களாம்."

சரியாக அப்போது வாசலில் பஸ் வந்து நின்றது. ருவாட்டோரியாவிலிருந்து வரும் உறவுக் கூட்டம். விடியுமுன் கிளம்பி மூன்றரை மணி நேரம் வந்தவர்கள். கறுப்பு உடைகளை இழுத்துவிட்டுக்கொண்டு வாயிலுக்கு வெளியே சேர ஆரம்பித்தார்கள். டூயி அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தாள். அவள் குரல் எடுத்து அழைத்தால்தான் அவர்கள் உள்ளே காலெடுத்து வைக்கலாம்.

அம்மாவின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பிணத்தருகில் போன் கூடாது என்று அத்தை எல்லோரிடமும் பிடுங்கியபோது, அரிஹியா தன்னுடையதை அம்மாவிடம் கொடுத்திருந்தாள். அத்தை முறைத்தாள். லோயிஸ் அதை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"பிப்புன்னு வருது" என்று நீட்டினாள்.

"லோயிஸ், என்ன பண்றே நீ?" என்றார் ஹோவானி சித்தப்பா.

"என் பொண்ணுக்குப் போன் வந்திருக்கு. குடுக்கிறேன்."

அரிஹியா வாங்கிக் காதில் வைத்தாள். "சொல்லு பிப்."

"மன்னிச்சுக்க அரி. உன்னைக் கூப்பிடக் கூடாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க." பிப்பின் குரல் மெலிந்து கேட்டது. "அதே குழாய். வால்வைப் புதுசா மாத்தியாச்சு. இப்ப மறுபடியும் கீழ போகுது. மைனஸ் முப்பத்தெட்டு. புது வால்வும் ஒழுகுதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. இன்னும் இருவது நிமிஷத்துல ஆக்சிஜனை வடிக்கச் சொல்லிடுவாங்க. வடிச்சா அடுத்த வாரம்தான்."

"எவ்வளவு வேகமா விழுது?"

"மெதுவா. நிமிஷத்துக்கு ரெண்டு டிகிரி."

செவ்வாய்க்கிழமை கல் போல விழுந்தது. இது இறங்குகிற விதமே வேறு. அரிஹியா தலையைத் தூக்கி முனையைப் பார்த்தாள். ஆவி வடக்கே சாய்ந்திருந்தது.

"சித்தப்பா, காத்து எங்கேருந்து அடிக்குது?"

மீன் பிடிக்கிறவரிடம் கேட்டால் யோசிக்காமல் வரும் பதில் அது. "தெற்கு. விடிஞ்சதுலேருந்து தெற்குதான்."

"பிப், குழாய்ல பனி பிடிச்சிருக்கா? சுத்தியும் இருக்கா, ஒரு பக்கம் மட்டும் இருக்கா?"

"கேமரா கடல் பக்கம்தான் காட்டுது. அங்க பனி இல்ல. அந்தப் பக்கம் தெரியல."

ஜூன் மாத ஒத்திகை நினைவுக்கு வந்தது. அன்றும் தெற்குக் காற்றுதான். மேலே திறந்திருந்த ஆவிப் போக்கியிலிருந்து கொட்டிய குளிர்ந்த ஆவியைக் காற்று வளைத்து அந்தக் குழாய் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. தென்புறம் மட்டும் வெள்ளை வெளேரென்று பனி. வால்வு ஒழுகினால் உள்ளிருந்து குளிரும், குழாயைச் சுற்றிலும் பனி பிடிக்கும். வெளியிலிருந்து குளிர்ந்தால் ஒரு பக்கம்தான். அன்று அதை நோட்டில் எழுதிவைத்தாள். யாருக்கும் சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

இது காற்றுதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அப்பாவின் முகம் எதிரே இருந்தது. பன்னிரண்டு டிகிரி உயரத்தில், முனையைப் பார்த்தபடி. இந்த ராக்கெட் இன்றைக்கே போக வேண்டும் என்று இந்த உலகத்திலேயே அதிகம் ஆசைப்படுகிறவள் தான்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. அப்படிப்பட்டவள் சொல்வதை எப்படி நம்புவது?

"என் பேச்சை வெச்சு எதுவும் பண்ணாதே" என்றாள். "சோதிச்சுப் பாத்துடு. மேல ஆவிப் போக்கியை மூடு. தொண்ணூறு விநாடி. அதுக்கு மேல ஒரு விநாடி கூடாது, தொட்டியில அழுத்தம் ஏறிடும். மூடினதும் குழாய்ச் சூடு ஏறினா அது காத்து. இறங்கிக்கிட்டே போனா வால்வு. இறங்கினா வடிச்சுடுங்க. நான் சொன்னேன்னு சொல்லு."

"இரு. டைரக்டர்கிட்ட கேக்கணும்."

போனில் அறையின் இரைச்சல் மட்டும் கேட்டது. வாயிலில் ஐம்பது பேர் குளிரில் நின்றார்கள்.

"அக்கா, கூப்பிடு" என்றார் ஹோவானி சித்தப்பா. "மூணரை மணி நேரம் வந்தவங்க. காத்துல நிக்கறாங்க."

டூயி அத்தை வாயிலைப் பார்த்தாள். அரிஹியாவைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"நிக்கட்டும்" என்றாள். "இவன் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நம்ம எல்லாரையும் பசியோட ரெண்டு மணி நேரம் காக்க வெச்சான். ஒருநாள் அவனுக்காக அவங்க நிக்கட்டும்."

"நான் என்னன்னு சொல்றது அவங்ககிட்ட?"

"ராக்கெட்டுல ஒழுகல்னு சொல்லு."

வாயிலருகே இருந்த ஒருவர் ஓடிப்போய்ச் சொன்னார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ ஒரு கிழவர் உரக்கக் கேட்டது தாழ்வாரம்வரை வந்தது: "ஹாமுவேராவா ஒழுக விட்டான்?" அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரின்னுட்டாங்க" என்றாள் பிப். "மூடறோம். மூணு, ரெண்டு, ஒண்ணு. மூடியாச்சு."

அரிஹியா கை மணிக்கட்டைத் திருப்பினாள். கடிகாரம் இல்லை, அதையும் கழற்றி வைத்திருந்தாள். அதற்குள் பக்கத்தில் ஹோவானி சித்தப்பா எண்ண ஆரம்பித்திருந்தார். வரவேற்புரை சொல்லும்போது ஊன்றும் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன் பெரிய கைக்கடிகாரத்தைக் கண்ணருகே பிடித்து, "நாலு, அஞ்சு, ஆறு" என்று, சபையில் வம்சாவளி சொல்லும் அதே குரலில்.

"என்ன காட்டுது பிப்?"

"மைனஸ் நாப்பத்தி மூணு."

"இருவது" என்றார் சித்தப்பா.

"நாப்பத்தி நாலு."

இறங்குகிறது. முனையில் ஆவி நின்றுபோயிருந்தது. வெள்ளைத் தீக்குச்சி துடைத்துவைத்த மாதிரி தனியாகத் தெரிந்தது. சமையலறைக்காரர்கள் கையில் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

"முப்பத்தஞ்சு."

"நாப்பத்தி நாலு. அரி, அப்படியே நிக்குது."

"குழாய் தடிமன் அதிகம் பிப். சூடு உள்ள போகக் கொஞ்சம் நேரம் வேணும்." சொல்லிவிட்டு, இது உண்மையா ஆசையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"அம்பது."

"நாப்பத்தி மூணு."

அம்மா அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"அறுவது. அறுவத்தொண்ணு."

"நாப்பது. முப்பத்தி ஏழு. அரி, முப்பத்தி ரெண்டு. ஏறுது. ஏறிக்கிட்டே இருக்குது."

"முழுசா எண்ணி முடி."

"எம்பத்தெட்டு, எம்பத்தொம்பது, தொண்ணூறு" என்றார் சித்தப்பா. முனையில் மறுபடி வெண்மை பூத்தது.

"இருவத்தொண்ணு" என்றாள் பிப். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. "டைரக்டர் உன் வாயால கேக்கணுங்கறார். வால்வு சரியா?"

அரிஹியா மூச்சை இழுத்துவிட்டாள். "வால்வு நல்லா இருக்கு. காத்துதான். பதிவுல என் பேரைப் போட்டுக்கோங்க."

போனை மடியில் வைத்தாள். "பன்னிரண்டு நிமிஷம்" என்றாள் எல்லோருக்குமாக.

"பன்னிரண்டா?" டூயி அத்தை சால்வையைச் சரிசெய்தாள். "உள்ள கூப்பிட்டு ஒரு பாட்டம் அழுது முடிக்க அது தாராளம்."

அவள் குரல் எழுந்தது. மெல்லிய, நீண்ட, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் குரல். வாயிலிலிருந்து ஒரு கிழவியின் குரல் அதற்குப் பதில் சொன்னது. கறுப்புக் கூட்டம் புல்வெளியில் மெதுவாக நடந்து வந்தது. பாதி வழியில் நின்று தலை குனிந்து அழுதார்கள். அந்த அழுகை வந்து தாக்கியதும் அரிஹியாவும் அழுதாள். இரண்டு நாளில் அவளுக்கு நன்றாக அழுகை வந்தது அப்போதுதான்.

ஹோவானி சித்தப்பா எழுந்து பெட்டியின் முன்னால் கம்பை ஊன்றி நடந்தார்.

"அண்ணே, போறவன் சொல்லிட்டுப் போகணும். செவ்வாய்க்கிழமை காலையில என் மரம் அறுக்கிற ரம்பத்தை வாங்கிட்டுப் போனே. எங்க வெச்சேன்னு சொன்னியா? நேத்து முழுக்கத் தேடறேன். பாதை போடறேன் பாதை போடறேன்னு ஊருக்கெல்லாம் போட்டே. இப்ப எங்களுக்கு வழி சொல்லாம நீ மட்டும் போயிட்டே." நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மிச்சத்தை அப்புறம் பேசறேன். இப்ப நீ அங்க பாரு."

எல்லோரும் திரும்பினார்கள்.

முதலில் வெளிச்சம் மட்டும். முனையின் அடியில் ஒரு மஞ்சள் பூத்து விரிந்து, அதன் மேல் வெள்ளைக்குச்சி எழுந்தது. சத்தமே இல்லை. அவசரப்படாமல், யாரோ கையால் தூக்குவதைப்போல ஏறியது. ஒரு ஆள் உயரம், ஒரு வீடு உயரம், குன்று உயரம். அரிஹியா உள்ளுக்குள் எண்ணினாள். பதினைந்து. இருபது. இருபத்து நாலில் சத்தம் கடலைத் தாண்டி வந்துசேர்ந்தது. முதலில் தரையில், பிறகு பலகையில், பிறகு விலா எலும்பில். கூடத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. பெட்டியைச் சுற்றி வைத்திருந்த மூதாதையர் படங்களில் ஒன்று சாய்ந்தது. அத்தை படத்தைப் பிடித்துக்கொண்டே குரல் கொடுத்தாள், "போ, போ, போ" என்று. யாரைச் சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. ருவாட்டோரியாக் கிழவிகள் சேர்ந்துகொண்டார்கள். அழுகையா கொண்டாட்டமா என்று பிரிக்க முடியாத ஒரு பெரிய சத்தம், எஞ்சின் சத்தத்துக்குச் சமமாக எழுந்தது.

அரிஹியாவுக்குத் தான் நின்றுகொண்டிருப்பது தெரியவில்லை. போன் காதில் இருந்தது. "தொட்டி அழுத்தம் சரி" என்றாள் பிப். "சரி. சரி. எல்லாம் சரி." அரிஹியா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நெருப்புப் புள்ளி மேகத்துக்குள் புகுந்து, மறுபுறம் வெளிவந்து, கிழக்கே வளைந்து, கண்ணுக்குள் நீர் கோத்தபோது மறைந்தது. "கீழ்ப் பாகம் பிரிஞ்சிடுச்சு" என்றாள் பிப். "ரெண்டாவது எஞ்சின் பிடிச்சுடுச்சு. அரி, கேக்குதா? பிடிச்சுடுச்சு."

"கேக்குது" என்றாள்.

வந்தவர்கள் வரிசையாகத் தாழ்வாரம் ஏறினார்கள். ஒவ்வொருவரும் முறைப்படி லோயிஸின் மூக்கோடு மூக்கு வைத்து நின்றார்கள், பிறகு அரிஹியாவின் மூக்கோடு. வாயிலில் கத்திய கிழவர் ஈரக்கன்னத்தோடு அவளைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார்.

"ஒழுகலை அடைச்சது நீதானா?"

"ஒழுகவே இல்ல தாத்தா."

"அப்ப எங்களை எதுக்கு நிக்க வெச்சே?" என்றார் அவர். கையை விடவில்லை.

பின்கட்டிலிருந்து தட்டுகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பெட்டியின் மூடியை எடுத்துவர இரண்டு பேர் உள்ளே போனார்கள். அரிஹியா தாழ்வாரத்தின் ஓரத்துக்கு வந்தாள். வானத்தில் ராக்கெட் விட்டுப்போன வெள்ளைக் கோடு காற்றில் கோணி, மெல்ல வடக்கே கலைந்துகொண்டிருந்தது.

கூடத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில், கல்லறைகளுக்கு நடுவே, குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தெரிந்தார்கள். மேலே மூன்று பேர், இடுப்பளவு பள்ளத்துக்குள் இரண்டு பேர். ஐந்து பேரும் மண்வெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்துக்குள் இருந்தவர்களில் ஒருவர் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். ஏதோ சொன்னார். மற்றவர்கள் சிரித்தது இங்கே கேட்கவில்லை. பிறகு அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஈர மண் ஒரு கட்டி மேலே வந்து விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று.